மூணு மெழுகுவர்த்தியும் ஒரு கையெழுத்தும்

லாயிட்டுக்கு வயிறு எரிஞ்சுது. சும்மா இல்ல, திகுதிகுன்னு. தொம்மலூர் அறிவியல் மையத்துல பதிமூணு வருஷமா மைக் பிடிச்சுப் பேசறார். வர்றது இருபது பேர், அதுல பாதி ஏசிக்காக. நேத்து வந்த தனக்கோடி ஒரு ரூமைப் பூட்டி, "அறிவியலை வெச்சுத் தப்பிச்சு வெளிய வாங்க"ன்னு எஸ்கேப் ரூம் போடறா. இன்னும் திறக்கவே இல்ல, அதுக்குள்ள ரெண்டு மாச டிக்கெட் காலி! சனிக்கிழமை திறப்பு நல்லா நடந்தா நிகழ்ச்சித் தலைமை அவளுக்குத்தான்னு டைரக்டரே சொல்லிட்டார். லாயிட் காத்திருந்ததே அந்த நாற்காலிக்குத்தான்.

அங்க ஒரு வழக்கம். எந்தச் சோதனையையும் இன்னொருத்தர் செஞ்சு பார்த்துத் தாள்ல கையெழுத்துப் போடணும். வியாழக்கிழமை தனக்கோடி தாளோட வந்தா. ரெண்டு பேரும் கோலார் தங்கவயல்காரங்க.

"அண்ணா, மெழுகுவர்த்தி மட்டும் செஞ்சு பார்க்க நேரமில்ல. நீங்க பார்த்துட்டா போதும்."

மூடின கண்ணாடிக் கூண்டுக்குள்ள மூணு மெழுகுவர்த்தி. குட்டைக்கு நம்பர் ஒண்ணு, நடுவுக்கு ரெண்டு, நெட்டைக்கு மூணு. அணையற வரிசைதான் பூட்டோட நம்பர். கரியமில வாயு கனம், கீழ தங்கும், குட்டைதான் முதல்ல அணையும்னு 1-2-3 வெச்சிருந்தா.

லாயிட் கொளுத்திப் பார்த்தார். சூடான வாயு மேல ஏறி நெட்டைதான் முதல்ல போச்சு. மாட்டினடி மகளேன்னு மனசு துள்ளிச்சு. கையெழுத்துப் போட்டுட்டு, "பிரமாதம்மா"ன்னார். வீட்டுல அவர் பொண்டாட்டி பேரு பெட்டி; அவகிட்ட மட்டும் நெட்டைதான் முதல்ல அணையும்னு சொல்லிச் சிரிச்சார், பூட்டு நம்பரைப் பத்தி மூச்சுவிடல.

சனிக்கிழமை டைரக்டர் கூட்டத்தோட பெட்டியும் உள்ள போனா. நெட்டைதான் முதல்ல அணைஞ்சுது, 3-2-1 போட்டாங்க. பூட்டு அசையல. திருப்பித் திருப்பிப் போட்டும் திறக்கல, நேரம் முடிஞ்சுது. வெளிய நின்ன லாயிட் உதட்டைக் கடிச்சுச் சிரிப்பை அடக்கினார்.

தனக்கோடி கதவைத் திறந்தா. முகம் செத்துப்போச்சு. ஆனாலும் சமாளிச்சா.

"தப்பு என்னோடது. நான் யோசிச்சதை நம்பினேன், நீங்க கண்ணால பார்த்ததை நம்பினீங்க. ஜெயிச்சது நீங்கதான்!"

எல்லாரும் கைதட்டினாங்க. அட, இதுக்குமா! லாயிட்டுக்குக் காது மடல் கொதிச்சுது.

பெட்டிக்குப் பெருமை தாங்கல. "எங்க வீட்டுக்காரர் வியாழக்கிழமையே செஞ்சு பார்த்துட்டாரு! நெட்டைதான் முதல்ல அணையும்னு சொன்னாரு. அவருக்குத் தெரியாததா?"

கைதட்டல் நின்னுபோச்சு. டைரக்டர் கதவுல தொங்கின சோதனைத் தாள்ல இருந்த லாயிட்டோட கையெழுத்தைப் படிச்சார், அவரைப் பார்த்தார்.

தனக்கோடி தாளைப் பார்க்கவே இல்ல.

"நம்ம ஊரு அண்ணா பார்த்துட்டாருன்னுதானே நான் செஞ்சு பார்க்காம விட்டேன்"னா.