முகமூடி போட்டால் பேசக்கூடாது

பிரதீபாவுக்கு அந்த வெள்ளை உடுப்பு என்றால் உயிர். படூர் அடுக்குமாடி வீட்டில், ஐ.டி. வேலை போக மிச்ச நேரமெல்லாம் உட்கார்ந்து, யோகா பாயை வெட்டி ஒட்டி எட்டு மாதமாகச் செய்தது. அழிந்துபோன கிரகத்துக்கு வரும் ஆய்வாளர் வேஷம். கையில் பீப் பீப் என்று கத்தும் பெட்டி வேறு. போன வருஷம் அறிவியல் புனைகதை விழா மேடையில் சிரித்துத் தொலைத்ததில் பரிசு போயிற்று. இந்த வேஷக்காரர்களுக்குச் சட்டம் ஒன்றுதான்: முகமூடி போட்டால் பேசக்கூடாது, பாத்திரமாகவே நிற்க வேண்டும். இந்த முறை யார் என்ன கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள்.

ஞாயிறு காலை, போட்டிக்குப் படம் எடுக்க நண்பன் நிதினோடு புறப்பட்டாள். வெறிச்சோடிய கரை வேண்டுமாம் மகாராணிக்கு! ஊர் உலகத்தில் வேறு இடமா இல்லை? கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தைப் பிடித்தாள். பக்கத்தில் அணுமின் நிலையம் இருப்பதால் அங்கே அவ்வப்போது அணு விபத்து ஒத்திகை நடக்கும். வெள்ளை உடுப்புக்காரர்கள் கருவியோடு வந்தால், போட்டது போட்டபடி பஸ் நிற்கும் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படூர்க்காரிக்குத் தெரியவில்லை.

நிதின் தூரத்தில் ஒரு படகுக்குப் பின்னால் காமிராவோடு குந்தியிருந்தான். மீன் கூடையோடு வந்த குப்பத்துக்காரி பாப்பா, பெட்டியின் சத்தம் கேட்டு நின்றுவிட்டாள்.

“இன்னாம்மா இது? இன்னிக்கு ஒத்திகைன்னு யாரும் சொல்லலியே. நெஜமாவே இன்னாச்சும் ஆயிடுச்சா?”

நடிப்புக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்குமா! பிரதீபாவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பெட்டியை நீட்டி, மெள்ளத் தலையாட்டினாள்.

“ஐயோ, எங்கூட்டுக்காரு நடக்க மாட்டாரே! தூக்கிகினு ஓடணுமா?”

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி. மறுபடியும் தலையாட்டினாள்.

கூடையைப் போட்டுவிட்டுப் பாப்பா ஓடிய ஓட்டத்தைப் பார்த்ததும்தான் அவள் நிஜமென்றே நம்பிவிட்டாள் என்று பிரதீபாவுக்கு உறைத்தது. பின்னாலேயே ஓடினாள். பூட்ஸ் மணலில் புதைந்தது. முகமூடியின் பூட்டு பிடரியில் இருந்தது. நிதின் வந்தால்தான் கழற்ற முடியும். உள்ளிருந்து கத்தியது அத்தனை தூரத்துக்கு எட்டவில்லை. புருஷனை முதுகில் சுமந்து குடிசையிலிருந்து வெளியே வந்த பாப்பா, வெள்ளை உருவம் தன்னை நோக்கி ஓடிவருவதைப் பார்த்து இன்னும் வேகமெடுத்தாள். அப்படியே ரோட்டில் ஏறினாள். மாமல்லபுரம் பக்கமிருந்து வந்த வேன்காரன் பிரேக் போட்டும் பலனில்லை.

பாப்பாவுக்குக் கை ஒடிந்தது. அவள் புருஷன் அங்கேயே போய்விட்டார்.

நிதின் மூச்சிரைக்க வந்து முகமூடியைக் கழற்றினான். பிரதீபா தார் ரோட்டில் மண்டியிட்டாள்.

“அக்கா, ஒண்ணும் ஆகலக்கா... சும்மா வேஷம்தான் போட்டேன்... மன்னிச்சிடுங்கக்கா...”

புருஷன் தலையை மடியில் வைத்திருந்த பாப்பா நிமிர்ந்து, அந்த முகத்தையே பார்த்தாள்.

“ஒனக்குப் பேச்சு வருமா?” என்று கேட்டாள்.