ஓடைப் பிரிவில் போட்ட அம்பு

முதல் ஆள் எட்டரை மணிக்குத் தண்ணீர் மேசைக்கு வந்துவிடுவான் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். தாரண்ணன் ஏழரைக்கே மேசையை விரித்து, பாட்டில்களை அடுக்கி, ஆரஞ்சுப் பழத்தை நறுக்கித் தட்டில் வைத்து, ஈ விரட்ட உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் ரோடு போட்ட கை. எந்தச் சோப்புக்கும் விரல் இடுக்கில் ஏறின தார்க் கறுப்பு போனதில்லை. அதனால் வந்த பேர் அது. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டோடு சரி.

இன்றைக்குச் சைக்கிள்காரர்களின் நாள். எண்பது கிலோமீட்டர். வயல் மேடுகளில் ஏறி இறங்கி, காட்டுக்குள் புகுந்து, சுற்றிக்கொண்டு ஊருக்கே திரும்ப வேண்டும். காட்டுக்குள் வரும் பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் ரோட்டில் வெள்ளை அம்பு போட்டவர் தாரண்ணன். ஓட்டுகிறவர்களில் அவருடைய மாப்பிள்ளையும் ஒருத்தர். பல் ஆஸ்பத்திரிக்குப் பல்செட் செய்து கொடுக்கிற வேலை. வாரம் முழுக்க ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருக்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் உடம்போடு ஒட்டின துணியை மாட்டிக்கொண்டு பறப்பார்.

நேற்றுச் சாப்பிடும்போதுகூடத் தாரண்ணன் சீண்டினார். “ஊரார் பல்லைக் கட்டுறவரு, நாளைக்குத் தன் பல்லோட வந்து சேரணும்.”

“அப்பா, வாயைக் கழுவுங்க முதல்ல,” என்றாள் மகள்.

மாப்பிள்ளை சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தாரண்ணன் பேச்சைத் தன் வழக்கமான புலம்பலுக்குத் திருப்பினார். ஓடை ரோட்டில் குழாய் பதிக்க ஆள் மட்டத்துக்குப் பள்ளம் தோண்டிக் கிடக்கிறது. அங்கே நின்ற இரும்புத் தடுப்பு இரண்டையும் ஊர்ச் சந்தியில் கூட்டத்தை நிறுத்த வேண்டும் என்று மேஸ்திரி லாரியில் ஏற்றிவிட்டார். “இப்ப நாலு கல்லு, ஒரு செவப்புத் துணி, அவ்வளவுதான் காவல். அந்த ரோட்டுல எவன் வரப்போறான்னு கேக்குறாரு.” மாப்பிள்ளை ஒரு ‘ம்’ கூடக் கொட்டவில்லை. சுவரிடம் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு தாரண்ணன் கை கழுவப் போனார்.

இப்போது மணி எட்டு பத்து. சும்மா உட்கார முடியாமல், மேசைக்குப் பக்கத்தில் தான் போட்ட அம்பைப் பார்க்க எழுந்தார். சைக்கிள்காரன் வருகிற பக்கமிருந்து அதை நோக்கி நடந்தார். கிழக்கே எழும்பியிருந்த வெயில் மரங்களுக்கு நடுவே வந்து கண்ணில் குத்தியது. கையை நெற்றியில் வைத்தார்.

வைத்த கை அப்படியே நின்றது.

நேற்றும் ஒரு இடத்தில் இதேபோல் கையை வைத்தார். அது சாயங்காலம். சாயங்கால வெயில் மேற்கே இருக்கும். சைக்கிள்காரர்கள் போவது கிழக்கே. அவர்கள் பார்வைக்கு நின்று அம்பு போட்டால் வெயில் முதுகில் அல்லவா அடித்திருக்க வேண்டும்?

நேற்று லாரி அவரையும் அவர் சைக்கிளையும் காட்டின் கிழக்குக் கோடியில், ரோடு காட்டை விட்டு வெளியேறும் இடத்தில், இறக்கிவிட்டது. அதனால் அம்பு போடும் வேலையைக் கடைசியிலிருந்து முதலுக்குச் செய்துகொண்டு போனார். ஒவ்வொரு பிரிவிலும் அதைக் கடந்து போய், திரும்பி நின்று, அச்சுத் தகட்டை வைத்து ஸ்ப்ரே அடித்தார். தன் நிழல் தகட்டின்மேல் விழுவதைப் பார்த்தபடியே அடித்தார். கடைசியாக, ஓடை ரோடு பிரிகிற ஓடைப் பிரிவில் மட்டும் கீழேயிருந்து மேஸ்திரி ஹாரனை விடாமல் அழுத்தினார். “அண்ணே, இருட்டுது, வாங்க!” இடது பக்கம் என்பது மனதில் இருந்தது. தன் இடது கைப் பக்கமாகத் தகட்டை வைத்து அடித்துவிட்டு ஓடினார். கண்ணில் வெயில்.

அவருடைய இடது, வருகிறவர்களுக்கு வலது. அங்கே இடது ரோடு ஏறி இந்த மேசைக்கு வரும். வலது ரோடு சரிவாக இறங்கி, ஒரே ஒரு வளைவு திரும்பி, பள்ளத்தில் முடியும்.

போனை எடுத்தார். காட்டுக்குள் சிக்னல் ஏது? தன் சைக்கிளை இழுத்துக்கொண்டு ஓடி ஏறினார். கேரியரில் தகடும் ஸ்ப்ரே டப்பாவும் கிடந்த பை தடதடத்தது. மூன்று கிலோமீட்டர். நடுவில் ஒரு மேடு. அதில் நின்றுகொண்டே மிதித்தார். முழங்கால் கழன்று கையில் வந்துவிடும் போலிருந்தது. மேட்டுக்கு அப்புறம் இறக்கம். பின் பிரேக் ஆறு மாசமாகப் பேருக்குத்தான் இருக்கிறது. செருப்பை ரோட்டில் தேய்த்துத் தேய்த்து இறங்கினார். வாய் மட்டும், “வந்துடாதீங்கய்யா, வந்துடாதீங்க,” என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

பிரிவில் ஒருத்தரும் இல்லை. அப்பாடா என்று காலை ஊன்றினார். அதற்குள் கண் கீழே போனது. பிரிவுக்குச் சற்று முன்னால் பாறைக் கசிவு ரோட்டில் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீரிலிருந்து ஈரக் கோடு ஒன்று புறப்பட்டு, வெள்ளை அம்பின்மேல் ஏறி, வலது பக்கம் திரும்பி, சரிவில் இறங்கியிருந்தது. இன்னும் காயவில்லை.

ஒரே கோடு. ஒரே ஆள்.

“யாருப்பா கீழே! நில்லு!” என்று கத்தினார். காடு அவர் குரலைத்தான் திருப்பித் தந்தது. சைக்கிளைச் சரிவுப் பக்கம் திருப்பினார். அப்போது பின்னால் ரோட்டில் சங்கிலிகள் கரகரக்கும் சத்தம். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கும்பலே வருகிறது. இவர் கீழே போனால் அத்தனை பேரும் அம்பைப் பார்த்துக்கொண்டு இவர் பின்னாலேயே இறங்குவார்கள்.

சரிவை ஒரு தடவை பார்த்தார். சைக்கிளை வலது ரோட்டின் வாயில் குறுக்கே போட்டார். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினார்.

“இடது பக்கம்! அம்பு தப்பு! இடது பக்கம் போங்க!”

முன்னால் வந்த பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் பிரேக் பிடித்துச் சறுக்கி நின்றார். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டாத குறை. “என்ன பெரியவரே, உயிரே போச்சு!” என்றார் டீச்சர்.

“எங்க மாப்பிள்ளை உங்க கூட்டத்துல இருக்காராம்மா? மஞ்சள் ஹெல்மெட்.”

“பல்லுக்காரரா? அவர் அப்பவே எங்களை விட்டுட்டு முன்னாடி போயிட்டாரே.”

தாரண்ணன் சட்டையை டீச்சர் கையில் திணித்தார். “எங்கும் போகாதம்மா. ஒருத்தரையும் கீழ விடாத.” டீச்சர் கழுத்தில் கிடந்த விசிலை வாயில் வைத்தார்.

அந்தப் பிரேக்கை நம்பி இந்தச் சரிவில் சைக்கிளில் இறங்க முடியாது. ஓடினார். மகள் முகம்தான் முன்னால் வந்து வந்து நின்றது. வாயைக் கழுவுங்க என்றாளே. வளைவில் செம்மண் சிதறிக் கிடந்தது. லாரி சக்கரம் இழுத்து வந்த மண். அதன் நடுவே, பாம்பு நெளிந்ததுபோல் நீளமாக ஒரு டயர்த் தேய்ப்பு. அதற்கப்புறம் தேய்ப்பு இல்லை. தாரண்ணன் நடந்துதான் வளைவைத் திரும்பினார்.

நாலு கல்லில் ஒரு கல் உருண்டு கிடந்தது. சிவப்புத் துணி அறுந்திருந்தது. சைக்கிள் ஒருக்களித்துக் கிடக்க, முன்சக்கரம் பள்ளத்துக்கு மேலே தொங்கியது. அதற்கு இரண்டு முழம் இந்தப் பக்கம், முழங்கை முழுக்கத் தோல் உரிந்து, மண்ணில் உட்கார்ந்திருந்தார் மாப்பிள்ளை. நாக்கை வாய்க்குள் இப்படியும் அப்படியும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

“பல்லெல்லாம் இருக்கு மாமா. எண்ணிப் பாத்துட்டேன்.”

தாரண்ணன் அவர் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தார். மூச்சு வந்ததும், “எப்படி நிறுத்தினீங்க?” என்றார்.

“வளைவுல செம்மண்ணைப் பாத்தேன். ஓடை ரோட்டுல பள்ளம், நாலு கல்லு, செவப்புத் துணின்னு நேத்து நீங்க சொன்னீங்களே. ரெண்டு பிரேக்கையும் சேத்துப் புடிச்சு, வண்டியைச் சாச்சுட்டேன்.”

“அதைக் கேட்டீங்களா நீங்க?”

“தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பதில் பேச நீங்க எங்க இடம் விடுறீங்க?” முழங்கையை ஊதினார். “அந்த அம்பை எந்த மடையன் மாமா போட்டான்?”

மேலே விசில் சத்தம் கேட்டது. மேஸ்திரி ஹாரன் அடித்தார் என்று ஆரம்பிக்கத் தாரண்ணனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

“அந்த மடையன் நான்தான் மாப்பிள்ளை. திரும்பி நிக்காமப் போட்டுட்டேன்.”

மாப்பிள்ளை பள்ளத்தை எட்டிப் பார்த்தார். அடியில் குழாய் விளிம்பு கத்திபோல் நின்றது. திட்டட்டும் என்று தாரண்ணன் காத்திருந்தார். திட்டு வரவில்லை, நல்ல கை ஒன்று தூக்கிவிடச் சொல்லி நீண்டது.

“வீட்ல யார் சொல்றது?”

“நானே சொல்றேன்.”

இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தார்கள். கூட்டம் இடது பக்கம் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் ஒவ்வொருத்தருக்கும் விசில் ஊதிக் கை காட்டினார். தாரண்ணன் பையைத் திறந்தார். பழைய அம்பின்மேல் ஈர மண்ணை அள்ளிப் பூசி, காலால் தேய்த்து மறைத்தார். தகட்டை எடுத்துக் குனிந்தார்.

“மாமா, அங்க இல்ல,” என்றார் மாப்பிள்ளை. “இந்தப் பக்கம் வந்து நில்லுங்க.”

வந்து நின்றார். வெயில் கண்ணில் குத்தியது. காலை நேரத்துக்கு அதுதான் சரி. மாப்பிள்ளை தகட்டின் நுனியைப் பிடித்துக்கொள்ள, தாரண்ணன் டப்பாவைக் குலுக்கினார்.