விரல்கடை தூரம்

விழிஞ்ஞத்துக் குன்றின்மேல் தமிழ்ச் சபையார் கட்டிய கருங்கல் தேவாலயம், ஆவணி மாதத்து ஞாயிறு ஆராதனையில் வேதவாசிப்பு முடிந்த கையோடு, கல்லுக்குக் கல் ஒரு விரல்கடை விலகி, விழாமல் அந்தரத்தில் நின்றது. சாந்து மட்டும் மாவாய் உதிர்ந்து எல்லார் தலையிலும் விழுந்தது. எருசலேம் தேவாலயம் அழியும், இங்கே கல்லின்மேல் கல் தங்காது என்று இயேசு முன்னறிவித்த பகுதி அன்றைக்கு. போதகர் ஞானசிகாமணி வருஷா வருஷம் வாசிப்பதுதான், ஒன்றும் நடந்ததில்லை. அன்று தூங்கி வழிந்தவர்களை எழுப்புவதற்காக, "இங்கே" என்ற சொல்லில் மேடையை ஓங்கித் தட்டிவிட்டார். தமிழில் எருசலேமில் இருந்ததும் தேவாலயம், விழிஞ்ஞத்தில் இருப்பதும் தேவாலயம். எந்த இங்கே என்று கற்களுக்கு எப்படித் தெரியும், பிள்ளைகளே? சொன்னதைக் கேட்டன.

அந்தக் கற்களைச் சுமந்தவள் ஜெயபாய், வைத்தவன் அவள் புருஷன் திரவியம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து சித்தாளும் கொத்தனாருமாகப் பிழைக்க வந்தவர்கள், ஊரார் வீடுகளைக் கட்டியதுபோக மிஞ்சிய நேரத்தில் கூலியில்லாமல் கட்டிய கோயில் அது. நெஞ்சு முழுக்கக் கல்பொடி ஏறி, இப்போது அவன் குன்றுக்குக் கீழே வாடகை வீட்டில் படுத்த படுக்கை. ஆராதனையெல்லாம் ஒலிபெருக்கி வழியாகத்தான். மூச்சு முட்டும்போது ஜெயபாய் அவன் கையைப் பிடிப்பாள், பிடித்தால் முட்டல் தணிந்து மூச்சு இறங்கும். போகும்போதும் பிடித்திருப்பாயா என்று ஒருநாள் கேட்டான். பிடித்திருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

தலையில் சாந்துப் பொடியோடு ஓடிவந்தாள். "கேட்டியளா, நீங்க வச்ச கல்லெல்லாம் பிரிஞ்சு நிக்கி!"

"கல் வரிசை கோணியிருக்கா?"

"இல்ல, நேராத்தான் இருக்கு."

"பெறவு என்னத்துக்கு இந்த ஓட்டம் ஓடிவாறே?" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

ஒரு பொறியாளர் வந்து, தன் அடையாள அட்டையைச் சுவரின் இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் எடுத்துப் பார்த்தார். "வீழத்தில்ல சேச்சி. வீழணுமெங்கில் பாரம் வேண்டே?" விழுவதற்குப் பாரம் வேண்டாமா என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, ஆனாலும் உள்ளே யாரும் போகக்கூடாதென்று கயிறு கட்டிப் போனார். சபையில் ஆளுக்கு ஒரு விளக்கம். ஊருக்குப் புதுத் துறைமுகம் வந்ததைத்தான் வசனம் சொல்லியிருக்கிறது என்றார்கள் சிலர். இது ரோமர் எருசலேமை இடித்தபோதே முடிந்த கதை, கற்கள்தான் தாமதமாகக் கேள்விப்பட்டிருக்கின்றன என்றார்கள் சிலர். மழை நாலு பக்கமும் உள்ளே அடித்தது. கோயிலை இழந்துவிடுவோமென்று பயந்த போதகர், அடுத்த ஞாயிறு முற்றத்தில் நின்று, ஒலிபெருக்கியில் புது விளக்கம் சொன்னார். ஆண்டவர் சொன்னது கல் கோயிலை அல்ல, நம் சரீரம்தான் ஆலயம், அந்த வார்த்தை நம்மைப் பற்றியது.

கற்கள் பெருமூச்சுபோல ஒரு சத்தத்துடன் இறங்கி ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தன. ஜனங்கள் அல்லேலூயா என்று கத்திக் கை கொடுக்கப் போனார்கள். கைக்கும் கைக்கும் நடுவே ஒரு விரல்கடை நின்றது. எவ்வளவு அழுத்தியும் அது குறையவில்லை. அந்தப் பிரசங்கத்தைக் கேட்டவர் யாரும் கேட்ட இன்னொருவரைத் தொட முடியாமல் போயிற்று. திரவியமும் படுக்கையில் கிடந்து கேட்டிருந்தான். அன்று சாயங்காலம் அவனுக்கு மூச்சு முட்டியபோது ஜெயபாயின் கை அவன் கைக்கு மேலேயே நின்றுவிட்டது.

அவள் போதகரிடம் போய் அழுதாள். "ஐயரே, பழையபடி வாசியுங்க. கோயிலு போனா நான் மறுபடி கல்லு சுமக்கியேன்." அவரும் மனம் கலங்கிச் சம்மதித்தார். அதைக் கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டுக் கலைச்செல்வி குழாயடிக்கு வந்தாள். கிசுகிசுப்பாகத்தான் பேசினாள்.

"அக்கா, எனக்க வீட்டுக்காரன் கை ஓங்குகான். மேல படமாட்டேங்கு. ஓங்கி ஓங்கிக் களைச்சு உக்காந்துருகான். கல்யாணம் கட்டினதுக்குப் பெறவு இப்பத்தான் முகத்துல வீக்கமில்லாம கோயிலுக்கு வாறேன். உங்களுக்க காரியமும் தெரியும். பழையபடி வாசிக்க வேண்டாம்னு சொல்ல எனக்கு வாயில்ல."

ஜெயபாய் குடம் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குன்றேறிப் போய், "அப்படியே கெடக்கட்டும் ஐயரே" என்றாள். ஏனென்று அவர் கேட்பதற்குள் குன்றிறங்கிவிட்டாள்.

தீராத நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கும் பாலியேட்டிவ் வண்டியில் மாளவிகா என்ற நர்ஸ் வருவாள். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்து அக்கிரகாரப் பெண், பிரசங்கம் எதுவும் கேட்டவள் இல்லை. கடைசி நாளில் திரவியம் கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடினான். ஜெயபாய் நர்ஸைப் பார்த்து, "எனக்குப் பதிலா நீ கொஞ்சம் கையப் பிடி மோளே" என்றாள்.

"பிடிச்சுக்கறேன் அக்கா, நீங்க பேசிண்டே இருங்கோ."

திரவியம் கண் திறக்கவில்லை. "யாரு?"

"நாந்தான்" என்றாள் ஜெயபாய், அவன் காதருகே.

அவன் விரல்கள் அந்த உள்ளங்கையை மெல்லத் தடவின. "கையில கல்லு சுமந்த காய்ப்பு எங்க போச்சு?"

"வேலையில்லாம சும்மா இருக்கேம்லா, தேஞ்சு போச்சு."

மூச்சு இறங்கவில்லை. நம்பினானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கையை விடாமல் போய்ச் சேர்ந்தான். செத்த பிறகாவது அந்த விரல்கடை விலகுமென்று ஜெயபாய் முகத்தைத் துடைக்கப் போனாள். விலகவில்லை. சபைக்கு வெளியே உள்ளவர்கள் வந்து குளிப்பாட்டினார்கள்.

அதற்குப் பிறகு வருஷங்கள் போய்விட்டன. போதகர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் அந்தப் பகுதியை விட்டுவிட்டு அடுத்ததை வாசிக்கிறார். அங்கே கல்யாணம் என்றால் தாலி முடிய வெளியூர் நாத்தனார் வருகிறாள். தரகர்கள், தொடாத சபையா என்று கேட்டுக்கொண்டு மற்ற விஷயம் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெயபாயின் பக்கத்தில் கலைச்செல்வி வந்து உட்காருவாள், எவ்வளவு ஒட்ட முடியுமோ அவ்வளவு ஒட்டி. நடுவே கடற்காற்று போய்வரும்.