மிரளாத குஞ்சுகள்

விடியுமுன் தொட்டி விளிம்பில் குனிந்து, செத்த குஞ்சுகளை வலைக்கரண்டியால் வாரி எடுத்தால்தான் எங்களுக்குப் பொழுது தொடங்கும். சிலி நாட்டுச் சிலோவே தீவில் மழை விடாது. மலையிலிருந்து வரும் தண்ணீரில் விரல்கள் மரத்துப்போகும். நாங்கள் வேலை பார்க்கும் மீன் பண்ணையில் எட்டுத் தொட்டிகள், எட்டிலும் சால்மன் குஞ்சுகள் இருந்தன.

தீனி போடுமுன் தண்ணீருக்கு மேலே கையை வீசுவோம். நிழல் பட்டதும் குஞ்சுகள் தெறித்து ஓட வேண்டும். மார்ச் மாதத்திலிருந்து ஏழு தொட்டிகளில் ஒன்றுகூட ஓடவில்லை. எங்களுக்கு அதில் பெருமை வேறு!

"பாருங்கடி, என்னைக் கண்டா பயமே இல்ல. பெத்த புள்ள மாதிரி ஒட்டிக்குது!" என்று எர்மின்டா சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். எங்கள் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

போன வாரம் அந்த ஏழு தொட்டிக் குஞ்சுகளையும் ஏரியில் மிதக்கும் வலைக் கூண்டுகளுக்கு மாற்றினார்கள். கிழிந்த மேல்வலை வழியே நீர்க்காகங்கள் இறங்கின. ஒன்றுகூட விலகி ஓடவில்லை. பாதிக்கு மேல் போய்விட்டது.

இன்று காலை முதலாளி ரெய்னால்டோ ஒரு தாளோடு தீனிக் கொட்டகைக்கே வந்துவிட்டான்.

"செல்லம் கொடுத்துக் கொடுத்துக் குஞ்சுகளக் கெடுத்துட்டா இந்த எர்மின்டா. இன்னையோட அவ வேலை போச்சு. எல்லாரும் சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

எர்மின்டாவின் முகம் வெளுத்தது. புருஷன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்ப்பவள். குற்றம் சாட்டி அனுப்பினால் இந்தத் தீவில் அவளுக்கு எவன் வேலை கொடுப்பான்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாலாம் தொட்டிக்கும் அவதானே தீனி போடுறா? அங்க மட்டும் எப்படித் தெறிச்சு ஓடுது?"

அவன் தாளை என் முன்னால் நீட்டினான்.

"நான் சொல்றேன். அதுக்கு மட்டும் மிச்சமிருந்த பழைய மூட்டை. மீன் எண்ணெய் போட்டது. மத்ததுக்கெல்லாம் மார்ச்ல நீங்க இறக்கின மலிவுச் சரக்கு, அந்த எண்ணெய் இல்லாதது. நேத்து மீன் டாக்டரம்மாவப் புடிச்சுக் கேட்டேன். வளர்ற மூளைக்கு அந்தக் கொழுப்பு வேணுமாம். இல்லன்னா ஆபத்து வந்தாலும் ஓடத் தோணாதாம். கெடுத்தது அவ இல்ல, நீங்க!"

"மூளையப் பத்தி உனக்கென்னடி தெரியும்? உன் கை நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது!"

மூட்டை தூக்கும் எவரிஸ்தோ முன்னால் வந்தான். "அந்த நாத்தத்துலதான் உங்க வீட்டு அடுப்பு எரியுது, முதலாளி." தாளைப் பிடுங்கினான். சாட்சிக்கு விட்ட இடத்தில் எழுதவில்லை. குற்றவாளி என்று இருந்த இடத்தில், எர்மின்டாவின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினான்.

"நீ தொட்டிப் பக்கமே வந்ததில்லையேடா!"

"மூட்டைய இறக்கினது நான்தானே?"

அடுத்து நான் எழுதினேன். கொட்டகையில் இருந்த பதினொரு பேரும் எழுதினோம். தாளை முதலாளியின் நெஞ்சுக்கு நேரே நீட்டினேன். "சாட்சி சொல்ல ஆளில்ல. அனுப்புறதா இருந்தா எல்லாரையும் அனுப்புங்க."

போலீசைக் கூப்பிடுவதாகக் கத்தினான். வயிற்றுக்கில்லாமல் சாகக் குஞ்சுகள் என்ன பாவம் செய்தன? நாலாம் தொட்டிக்குத் தீனி போட்டுவிட்டு, எர்மின்டாவை நடுவில் விட்டுப் பண்ணை வாசலை மறித்து நின்றோம். மழை வலுத்தது. எர்மின்டா வாய்விட்டு அழுதாள்.

மலிவுத் தீனி ஏற்றிய லாரி வந்து ஹாரன் அடித்தது. நாங்கள் நகரவில்லை. டிரைவர் தலையை நீட்டினான்.

"என்னக்கா விஷயம்?"

சொன்னேன். கொட்டகை வாசலிலிருந்து, "உள்ள வாடா!" என்று முதலாளி கத்தினான். டிரைவர் அவனை ஒரு பார்வை பார்த்தான். லாரி எஞ்சினை அணைத்தான், சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான், இறங்கி வந்து எர்மின்டாவின் பக்கத்தில் நின்றான்.