கல்லுக்குப் பின்னால் தொடங்கிய சாய்தளம்

நூலக வாசலில் எங்கள் சேவைச் சங்கம் கட்டி முடித்திருந்த சாய்தளத்தைப் பார்த்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். மறுநாள் மாலை அதில் முதல் ஆளாக ஏறப் போகிறவன் என் தம்பி.

அவனுடைய சக்கர நாற்காலிக்குப் பின்னால் வருஷக்கணக்காக நடந்தவள் நான். ஒரு சரிவைக் கண்டால் அது ஏற விடுமா, கவிழ்த்து விடுமா என்று என் மணிக்கட்டே சொல்லிவிடும். இது கவிழ்க்கும். வரைபடத்தில் நீளமாக, சோம்பேறி மாதிரிப் படுத்துக் கிடந்தது. கட்டி வைத்திருந்ததோ சறுக்குமரம்.

காரணம் கண்ணெதிரே நின்றது. ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கல். அதில் உறுப்பினர்கள் எல்லாருடைய பெயர்களும் இருந்தன. இந்த வருஷத் தலைவரின் பெயர் மட்டும் கொஞ்சம் தடித்த எழுத்தில் இருந்தது. தலைவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான். சாய்தளத்துக்கு முன்பே கல் வந்துவிட்டது. வந்த கையோடு, சாலையில் போகிறவர்களுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து நட்டுவிட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, சாய்தளம் தொடங்க வேண்டிய இடமே அதுதான் என்று. கல்லை நகர்த்துவதா, சாய்தளத்தைச் சுருக்குவதா? எங்கள் சங்கத்தை அறிந்தவர்களுக்கு விடை சொல்லத் தேவையில்லை.

ஊருக்கு நல்லது செய்கிற கூட்டம்தான் எங்களுடையது, மறுக்கவில்லை. வாரா வாரம் வியாழக்கிழமை மாலை கூடுவோம். தலைவர் மணி அடித்தால் கூட்டம் தொடங்கும், மறுபடி அடித்தால்தான் முடியும். நடுவில் எழுந்து போனால் மானக்கேடு. ஒவ்வொரு வாரமும் ஒரு பேச்சாளர் வருவார். மௌனத்தின் மகிமையைப் பற்றி ஒருவர் மூச்சு விடாமல் பேசி எங்களைத் தூங்க வைத்திருக்கிறார். பேசி முடித்ததும் பேச்சாளருக்கு ஒரு வரம் உண்டு. அவர் எதைச் செய்யச் சொன்னாலும் தலைவர் அங்கேயே, அப்போதே செய்தாக வேண்டும். யோகா வாத்தியார் என் வீட்டுக்காரரை ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். ஒரு வக்கீல் பதினேழாம் வாய்ப்பாடு சொல்ல வைத்து மானத்தை வாங்கினார். எல்லாம் சிரிப்புக்குத்தான். நான் செயலாளர். கூட்டத்தில் அவரை நானும் 'தலைவர் அவர்களே' என்றுதான் அழைக்க வேண்டும். வீட்டில் அதற்கெல்லாம் சேர்த்து வட்டியோடு வாங்கிக்கொள்வேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் வாங்கினேன்.

"அந்த ரேம்ப்ல அவன் ஏற முடியாதுங்க. ஏறினா பின்னாடி கவுந்துடுவான்."

"கான்ட்ராக்டர் பாத்துட்டாருல்ல."

"அவர் நடந்து பாத்திருப்பாரு. உருண்டு பாத்தாரா?"

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஒருத்தர் பின்னாடி பிடிச்சுக்கிட்டா போச்சு. இதுக்குப் போய் ஏன் இப்படி குதிக்கிற?"

ஒருவர் பிடித்துக்கொண்டால் போச்சாம். தம்பி பரீட்சை எழுதி அந்த நூலகத்திலேயே வேலை வாங்கியிருக்கிறான். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். நேர்காணலுக்குப் போனபோது காவலாளிகள் அவனை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள். அன்று வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "அக்கா, தினம் மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போகணும்னா எனக்கு அந்த வேலை வேண்டாம்." அதைக் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் சங்கத்தில் சாய்தளத் திட்டத்தையே கொண்டு வந்தார். விடுமுறை நாளிலெல்லாம் அவரே ஜல்லி சுமந்தார். முட்டி வீங்கி, ராத்திரியெல்லாம் தைலம் தேய்த்துவிட்டவள் நான்தான். நல்ல மனுஷர். நல்லவர்களிடம் இதுதான் தொல்லை, குறை சொன்னால் நாம் நன்றி கெட்டவர்கள் ஆகிவிடுகிறோம்.

"போன தடவை கடைத்தெருச் சரிவுல விழுந்தானே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

அவர் கை நின்றது. யாருக்குத்தான் மறக்கும்? தலையில் பட்ட காயம் சீக்கிரம் ஆறிவிட்டது. சுற்றி நின்றவர்கள் சொன்ன 'ஐயோ பாவம்' ஆறவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. இந்த முறை ஊரையே கூட்டி வைத்து, கைதட்டலுக்கு நடுவில் விழப் போகிறான். விழுந்தால் வேலையும் போச்சு, அவனும் போச்சு.

"நாளைக்கு விழா முடியட்டும்," என்றார் மெதுவாக. "மாவட்டத்துச் சங்கங்களுக்கெல்லாம் பெரிய தலைவர் வெளியூர்லேர்ந்து வர்றார். முடிஞ்சதும் இடிச்சுக் கட்டிடலாம்."

எங்கள் சங்கம் திறந்து வைத்த எதையும் திரும்பிப் பார்த்ததாக வரலாறு இல்லை. பள்ளிக்கூடத்துக் குடிநீர்த் தொட்டியில் குழாயைப் பெரியவர்களின் மார்பு உயரத்தில் வைத்தார்கள், புகைப்படத்தில் எடுப்பாகத் தெரியட்டும் என்று. இன்றைக்கும் பிள்ளைகள் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறித்தான் தண்ணீர் குடிக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் நூலக முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். சாய்தளத்தின் குறுக்கே சிவப்பு ரிப்பன். பெரிய தலைவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது வெட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரப் பேச்சாளர் என் தம்பி. தலைப்பை என் வீட்டுக்காரர்தான் கொடுத்திருந்தார். 'நன்றி' என்பது தலைப்பு.

தம்பி காரிலிருந்து நாற்காலிக்கு மாறி, சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு வந்தான். கல்லைப் பார்த்தான். கல்லைச் சுற்றிப் போய்ச் சாய்தளத்தின் அடியில் நின்றான். அடியிலிருந்து நுனி வரை அவன் பார்வை ஏறி, அப்படியே இறங்கியது. நான் ஓடிப்போய்க் குனிந்தேன்.

"இது சரியில்லடா. ஏறாத. நேத்தே மாமாகிட்ட சண்டை போட்டேன்."

"பாத்தாலே தெரியுது."

"ஏற மாட்டேன்னு சொல்லிடு. இல்ல, நான் பின்னாடி பிடிச்சுக்கறேன்."

"நீ ஒண்ணும் பிடிக்க வேண்டாம்."

"அப்புறம் என்னடா பண்ணப் போற?"

"பேசப் போறேன். அதுக்குத்தானே கூப்பிட்டீங்க?"

அவன் தாடை இறுகியிருந்தது. சின்ன வயதில் இப்படி இறுகினால் அடுத்து எதையாவது உடைப்பான். ரிப்பனை வெட்டியதும் இவன் வீம்புக்கு ஏறினால், நான் குறுக்கே விழுந்து படுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். செயலாளர் படுத்த செய்தி பத்திரிகையில் வந்தால் வரட்டும்.

மணி அடித்தது. அவனை அறிமுகம் செய்ய எழுந்தேன். எழுதி வைத்திருந்ததில் பாதியை விட்டுவிட்டுப் படித்தேன். அவன் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டான். சங்கத்துக்கு நன்றி சொன்னான், ஜல்லி சுமந்த முட்டிகளுக்கு நன்றி சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். புத்தகங்களைப் பற்றியும், அந்த நூலகத்தின் உள்ளே தான் இதுவரை பார்க்காத அடுக்குகளைப் பற்றியும் பேசினான். என் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கியது. எனக்கு அவன் சொன்ன எதுவும் மனதில் ஏறவில்லை. அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்போ என் வரம்," என்றான். கூட்டம் ஆவலோடு முன்னால் சாய்ந்தது. "ரேம்ப்ல முதல்ல நான் ஏறணும்னு ஏற்பாடு. எனக்குப் பதிலா தலைவர் ஏறட்டும். என் வீல்சேர்ல. கால் கீழ படக் கூடாது. பின்னாடி யாரும் பிடிக்கக் கூடாது."

கைதட்டல் கூடாரத்தைப் பிளந்தது. நல்ல வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். தம்பி பிரேக்கைப் போட்டு, கைகளை ஊன்றி, பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறிக்கொண்டான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வரம் வரம்தான்.

பெரிய தலைவர் ரிப்பனை வெட்டினார். என் வீட்டுக்காரர் சக்கரத்தைத் தள்ளினார். முதலில் நன்றாகத்தான் ஏறியது. "அப்படித்தான் தலைவரே," என்று பின்வரிசையிலிருந்து யாரோ உற்சாகப்படுத்தினார்கள். பாதியில் நாற்காலி நின்றது. இன்னொரு தள்ளு தள்ளினார். முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. சிரிப்பு சட்டென்று அடங்கியது. அவர் முன்னால் குனிந்து, சக்கர வளையங்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேலே போகவும் முடியவில்லை, கீழே வரவும் முடியவில்லை. பிடரியில் வியர்வை வழிந்தது.

அவர் பின்னால் வழுக்கினால் நேரே வந்து மோதும் இடத்தில் கறுப்புக் கல் நின்றது.

யாரும் அசையவில்லை. பிடிக்கக் கூடாது என்று பேச்சாளர் சொல்லியிருக்கிறார், சங்கத்தின் ஒழுங்கு அப்படி. நான் தம்பியைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. இவ்வளவு தூரம் போகும் என்று அவனும் நினைக்கவில்லை. சக்கரம் ஒரு சாண் பின்னால் உருண்டது.

"அக்கா, மாமாவைப் பிடி," என்று கத்தினான்.

அவன் சொல்லி முடிக்கும் முன் என் கைகள் நாற்காலியின் பிடிகளில் இருந்தன. முழுப் பாரமும் என் மார்பில் வந்து விழுந்தது. கல் என் முதுகில் இடித்தது.

"விட்டுடாத," என்றார் என் வீட்டுக்காரர். திரும்பிப் பார்க்கக்கூட அவருக்குப் பயம். "விட்டுடாதம்மா."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. முந்தின நாள் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது. "விட மாட்டேன். கையைத் தளர்த்துங்க, மெதுவா இறக்கறேன்," என்றேன்.

இறங்கியதும் அவர் உடனே எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து நேரே தம்பியிடம் போனார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை, அவன் தோளில் கை வைத்தது மட்டும் தெரிந்தது. மேஜைக்கு வந்து மணியை எடுத்தார். அடிக்கவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கூட்டம் இன்னும் முடியல," என்றார். "இந்த ரேம்ப் சரியாகற வரைக்கும் மணி அடிக்க மாட்டேன். கான்ட்ராக்டர், கடப்பாரை எங்க?"

"தலைவரே, கல்லைப் பிடுங்கினா உடைஞ்சாலும் உடைஞ்சுடும்," என்றார் கான்ட்ராக்டர்.

"உடையட்டும்."

பெரிய தலைவர் கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மணி அடிக்காத கூட்டத்தை விட்டுப் போகக் கூடாதென்று உறுப்பினர்கள் மறுநாளும் வந்தார்கள், அதற்கடுத்த நாளும் வந்தார்கள். பல் டாக்டர் சிமெண்ட் குழைத்தார். அடுத்த வியாழக்கிழமைப் பேச்சாளரையும் மண்வெட்டியோடு நிறுத்திவிட்டோம். வழக்கமான பேச்சாளர்களைவிட அவரால் ஊருக்கு அதிகப் பிரயோஜனம். கல் ஒரு மூலை உடைந்து, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது.

முதல் தேதி காலையில் ரிப்பனும் இல்லை, ஒலிவாங்கியும் இல்லை. நாங்கள் மூன்று பேர்தான். புதுச் சாய்தளம் கூடாரம் போட்ட இடம் வரைக்கும் நீண்டு, திரும்பி, வாசலுக்குப் போனது. தம்பி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு உருட்டத் தொடங்கினான். திருப்பத்தில் சற்றே நின்றான். என்னையறியாமல் ஓடி, அவன் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு கையையும் நீட்டினேன்.

என் கைகளை யாரோ பிடித்தார்கள். பார்த்தால் என் வீட்டுக்காரர். இறுக்கிப் பிடித்திருந்தார், அவர் உள்ளங்கையும் வியர்த்திருந்தது.

"விடு," என்றார். "அவன் போவான்."

போனான்.