ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே

சமையலறைத் தராசில் ஆமைக்குட்டி இருபத்தேழு கிராம் காட்டியது. போன வாரம் இருபத்தொன்பது, அதற்கு முந்தின வாரம் முப்பத்தொன்று. எஃப்ரயின் தராசைத் தட்டிப் பார்த்தான், பேட்டரியை மாற்றினான், ஒரு முட்டையை வைத்துக்கூட நிறுத்துப் பார்த்தான். தராசின் மேல் தப்பில்லை. ஆமைக்குட்டி ஒன்றும் நடக்காததுபோல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது.

பாலைவன நகரமான டூசானில் வெயில் ஏற ஏற அவனுக்கு வேலை ஏறும். மொட்டைமாடிகளில் ஏறி ஏர்கூலர் பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. ஏப்ரலில் அப்படி ஒரு வீட்டில் வேலை முடித்து இறங்கியபோது, அந்த வீட்டம்மாவின் கொல்லையில் பாலைவன ஆமை பொரித்த குட்டிகளில் ஒன்றை அவள் அவன் கையில் வைத்தாள். ஒரு பிஸ்கட் அளவுதான் இருந்தது. மகள் நயேலி அதற்கு பிஸ்கட் என்றே பெயர் வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் அந்தக் குட்டிக்கு அவன் பட்ட கடன் கொஞ்சமில்லை. விவாகரத்துக்குப் பிறகு நயேலி ஒரு வாரம் அம்மா லொரேனா வீட்டில், ஒரு வாரம் அவனிடம் என்பது ஏற்பாடு. அவளுக்குப் பதினொரு வயது ஆனதும், அவன் வாரம் வரும்போதெல்லாம் வயிற்றுவலி வந்தது, தோழிக்குப் பிறந்தநாள் வந்தது. பிஸ்கட் வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. செருப்புப் பெட்டியில் குட்டியை வைத்து மடியில் ஏந்திக்கொண்டு, அவளும் அதுவுமாக இரண்டு வீட்டுக்கும் மாறி மாறிப் போய்வந்தார்கள். அந்தப் பெட்டிக்கு அவன் மனசுக்குள் தினமும் நன்றி சொன்னான்.

பள்ளிக்கு மகளை அனுப்பிவிட்டுக் குட்டியை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். டாக்டர் ஹலோரன் குள்ளமான அம்மாள், எதற்கும் அவசரப்படாதவர். எஃப்ரயின் தன் புகார்ப் பட்டியலை ஒப்பித்தான். நாள் முழுக்கத் தூங்குகிறது, மண்ணுக்குள் புதைந்துகொள்கிறது, காலையில் கொஞ்சம் கடித்ததோடு சரி, தூக்கினால் கையை நனைத்துவிடுகிறது.

"புதைஞ்சு தூங்குறதுதாங்க அதோட வேலையே. உங்களுக்கும் அந்த வேலை கெடைச்சா வேண்டாம்னா சொல்வீங்க?" என்று சிரித்தார் அவர். "தாடை தொடற அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணியில உக்கார வைக்கிறீங்களா?"

"வெக்கிறேன் டாக்டர். காட்டுப்பூ, சப்பாத்திக்கள்ளி, எல்லாம் பாத்துப் பாத்துத்தான் கொடுக்கறேன். அப்புறம் ஏன் எடை குறையுது?"

"எங்க வெச்சிருக்கீங்க?"

வெள்ளிக்கிழமைப் பெட்டிக் கதையை அவன் சொன்னான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பயந்தா உள்ள சேத்து வெச்சிருக்கற தண்ணியை விட்டுரும். பாலைவனத்துல அந்தத் தண்ணிதான் அதுக்கு உசுரு. நீங்க வாராவாரம் கார்ல ஏத்தி அதைக் கொட்ட வைக்கிறீங்க. எங்க நிழல், எங்க வெயில், எங்க பொந்துன்னு அது ஒரு வழியா கண்டுபிடிச்சு முடிக்கும், வெள்ளிக்கிழமை வந்துரும். மறுபடி முதல்லேர்ந்து. நோய் ஒண்ணும் இல்ல. ஒரே இடத்துல வைங்க, நிஜ மண்ணு இருக்கற இடமா. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். நிஜ மண் லொரேனா வீட்டுக் கொல்லையில்தான் இருந்தது. எஃப்ரயினுக்கு இருந்தது இரண்டாவது மாடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் ஒரு விளக்கும். வண்டிக்குள் உட்கார்ந்து லொரேனாவுக்குப் போன் போட்டான். வாய் தானாக வேறொன்றைச் சொன்னது.

"ஒரே இடத்துல வைக்கணுமாம். எங்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க டாக்டர்."

அவள் சண்டைக்கு வருவாள் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தான். அவளோ, "அப்படியா? சரி, உங்கிட்டயே இருக்கட்டும். அது பொழச்சா போதும் எஃப்ரயின்" என்றாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலம் நயேலியிடம் சொன்னபோது அவள் குதித்தாள். "அப்போ அம்மா வாரத்துலயும் நான் இங்க வரலாமாப்பா? அதைப் பாக்கணுமில்ல!" இதைக் கேட்கத்தான் பொய் சொன்னான். கேட்டும்விட்டான். ஆனாலும் பாதித் தட்டோடு போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினான்.

காலையில் தொட்டிக்கு முன்னால் காப்பியோடு உட்கார்ந்தான். பிஸ்கட் விழித்திருந்தது. பிளாஸ்டிக் சுவரோரமாக நடந்தது, மூலையில் முட்டியது, திரும்பி நடந்தது. பிறகு தோண்ட ஆரம்பித்தது. தீக்குச்சி மாதிரியான கைகளால் விடாமல் மண்ணை ஒதுக்கியது. இரண்டு விரல்கடை மண், அதற்குக் கீழே பிளாஸ்டிக். சுரண்டும் சத்தம் கேட்டது. சற்று நின்று, வேறு இடத்தில் மறுபடி ஆரம்பித்தது. எஃப்ரயின் காப்பியைக் குடிக்காமலே எழுந்தான்.

"பையை எடுத்துக்க கண்ணு. அம்மா வீட்டுக்குப் போய்ட்டு ஸ்கூலுக்குப் போலாம்."

லொரேனா கதவைத் திறந்தாள். அவள் கணவன் கர்ட்டிஸ் பின்னால் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தான். எஃப்ரயின் பெட்டியை நீட்டினான். "டாக்டர் என் வீடுன்னு சொல்லல. நிஜ மண்ணு இருக்கற இடம்னுதான் சொன்னாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்."

லொரேனா அவனை நன்றாக ஒருமுறை பார்த்தாள். "ஒரு பொய் ஒரு ராத்திரிகூடத் தாங்கல உனக்கு. பெரிய ஆளுதான் போ" என்றாள், ஆனால் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கர்ட்டிஸ் வாயில் நுரையோடு கொல்லைக்கு ஓடி, ஒரு மண்சட்டியைப் பாதியாக உடைத்து, கிழக்கு வெயில் விழும் இடத்தில் பொந்துபோலக் கவிழ்த்துப் புதைத்தான். அந்த மனிதனை மூன்று வருஷமாக எஃப்ரயினுக்குப் பிடிக்காது. அன்று அவன் முட்டி போட்டு மண் தள்ளியதைப் பார்த்தபோது, நல்லவேளை இவன் இருக்கிறான் என்று தோன்றியது.

நயேலி பள்ளி வாசலில் இறங்கும்போதுதான் கேட்டாள். "அப்போ நேத்து எதுக்கு எங்கிட்ட அப்படிச் சொன்ன?"

"நீ வராமப் போயிருவியோன்னு பயம்."

அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அந்த வாரத்தின் மிச்ச நாட்களில் கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வாரம் அம்மா வாரம். லொரேனா தராசுப் படங்களை அனுப்பினாள். இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தெட்டு. ஒவ்வொன்றையும் மொட்டைமாடி வெயிலில் நின்று பார்த்து, யாருக்கு என்று தெரியாமல் நன்றி சொன்னான். வியாழக்கிழமை அவளே கூப்பிட்டாள். "நாளைக்கு நயேலியோட ஃப்ரெண்டு வீட்டுல எல்லாரும் ராத்தங்கறாங்களாம். வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டேன் எஃப்ரயின். நீயே முடிவு பண்ணிக்கன்னு சொல்லிட்டேன்."

"அதான் சரி" என்றான். சரியென்று சொன்னானே தவிர, போனை வைத்த பிறகு ஒரு திருகாணியைப் பத்து நிமிஷம் தேடினான். அது கையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு லொரேனாவின் தெருவில் வண்டியை நிறுத்தினான். ஹாரன் அடிக்கவில்லை. கதவு திறந்தது, நயேலி பையோடு வந்தாள், படியில் நின்றாள், பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். தோழி வீட்டுக்கும் பை வேண்டும்தானே. அவள் கொல்லைப் பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்தாள். முழங்காலிலும் விரல்களிலும் கன்னத்திலும் ஈரமண். பையைத் தூக்கிக்கொண்டு நேராக வண்டிக்கு வந்து ஏறினாள்.

"பூவை முழுசா தின்னுருச்சு. நான் பாத்துட்டு இருக்கறப்பவே."

"அப்படியா?"

"ம். நம்ம இப்ப என்ன பண்ணப்போறோம்?"

பிஸ்கட் இல்லாத ஒரு வாரத்துக்கு அவனிடம் எந்தத் திட்டமும் இல்லை. "தெரியலையேம்மா" என்றான்.

"சரி" என்றாள். வண்டியின் ஏசி காற்றை முகத்துக்குத் திருப்பிக்கொண்டாள், காலை மடக்கி இருக்கையில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது சிக்னல் வருவதற்குள் தூங்கிப்போனாள், வாய் லேசாகத் திறந்தபடி, தலை அவன் தோளுக்குச் சரிந்தபடி. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய வளைவு வந்தது. எஃப்ரயின் திரும்பவில்லை. நேராகப் போய், மெதுவாக, குண்டும் குழியும் பார்த்துப் பார்த்து, அடுத்த தெருவையும் ஒரு சுற்று சுற்றினான். அவன் சட்டைத் தோளில் அவள் கன்னத்து மண் ஒட்டிக்கொண்டிருந்தது.