பிசகாத வரிசை

அக்கா பேருந்து ஓட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு செருப்பு வாசலிலும் இன்னொன்று சோஃபாவுக்கு அடியிலும் போய் விழும். திட்டிக்கொண்டே அதை ஜோடி சேர்த்து வைப்பது என் வேலை. அன்றைக்கு நான் அசையவில்லை. அலுவலகத்தில் அனுமதி கேட்டு வாங்கி வந்த கண்ணாடித் துண்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஜன்னலோரம் நின்று கீழே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. வண்டிகள் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன.

"என்னடி, பித்துப் பிடிச்ச மாதிரி நிக்கிற? குடு, நானும் பாக்குறேன்" என்று அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

அந்தத் துண்டுக்காகத்தான் இத்தனை நாளும் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தேன். பேருந்தின் முன்கண்ணாடியிலேயே வழியும் எச்சரிக்கையும் எழுத்தாக ஒளிர வேண்டும், ஓட்டுபவர் பார்வையைச் சாலையிலிருந்து எடுக்கவே கூடாது என்பது திட்டம். அந்த எழுத்தை உண்டாக்கும் மைக்ரோ எல்.இ.டி. விளக்குகள் தூசியளவுதான், அணைந்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு விளக்குக்கும் மின்சாரத்தை அளந்து ஊட்ட பக்கத்திலேயே ஒரு சர்க்யூட் உண்டே, இடத்தை அடைத்துக்கொண்டு வெளிச்சத்தை மறிப்பது அதுதான். அதைச் சுருக்கி வரைவது என் பிழைப்பு. சுருக்கினேன். சுருக்கியதை ஒன்றன்கீழ் ஒன்றாக, மயிரிழை பிசகாமல் அடுக்கினேன். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'சதவீதம்'. மனைவிக்கு உடம்பு தேவலையா என்று கேட்டால்கூட எண்பது சதவீதம் என்பார். அவர் என் வரைபடத்தைப் பெரிய திரையில் போட்டு, "அடுக்கினா இப்படி அடுக்கணும்" என்று எல்லோருக்கும் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள் அக்கா. "ஒரு விளக்கு வந்தா ரெண்டு பக்கமும் குட்டி குட்டியா ஒரு குடும்பமே சேர்ந்து வருதுடி. இதையா நீ செஞ்ச? என் வண்டிக்கு எப்ப வரும்?"

அந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரே சீரான வரிசைகளின் இடுக்கு வழியாக வெளிச்சம் வந்தால் ஒன்று பலவாகப் பிரியும். கல்லூரியில் படித்ததுதான். ஆனால் அழகாக அடுக்கிவிட்ட பெருமையில் அது நினைவுக்கே வரவில்லை. கண்ணாடி எவ்வளவு வெளிச்சத்தை விடுகிறது என்று அளந்தோமே தவிர, எதிரே ஒரு விளக்கை வைத்து ஒருவரும் பார்க்கவில்லை. அக்கா ரசித்துக்கொண்டிருந்த அந்தக் குட்டி விளக்குகளுக்கு நடுவே ஒரு சைக்கிள் வந்தால் அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் கண்ணாடியைக் கீழே இறக்குவதாகவே இல்லை.

"போதும் குடுக்கா" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. கண்ணாடியை என் கையில் திணித்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சதவீதத்தின் அறைக்குப் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"வெளிச்சம் எழுபது சதவீதத்துக்கு மேல வருது. பஸ் கம்பெனிக்காரங்க கேட்டது அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை டிசைன் ஃபேக்டரிக்குப் போகுதும்மா."

"போச்சுன்னா அப்புறம் மாத்த முடியாது சார். விளக்கு எல்லாம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். சர்க்யூட்டை மட்டும் ஒண்ணு இங்க, ஒண்ணு அங்கன்னு தள்ளி, வயரை வளைச்சு விடணும். வரிசையே இருக்கக் கூடாது."

"யாரு, நீயா சொல்ற? பேனாவைக்கூட ஸ்கேல் வச்சு அடுக்குற ஆளு."

"நானேதான் சொல்றேன்."

"அப்படி வளைச்சா எழுத்து ஒரே சீரா எரியுமா?"

நியாயமான கேள்வி. ஒரு வயர் நீளம், ஒரு வயர் குட்டை என்றாகிவிட்டால் விளக்குக்கு விளக்கு வெளிச்சம் வேறுபடலாம். "அதைச் சரி பண்ணத்தான் சார் டைம் கேக்குறேன்" என்றேன்.

"மத்ததெல்லாம் கேளும்மா. அது மட்டும் என்கிட்ட இல்ல."

கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்கள் அவர் தலையை உருட்டுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் எனக்கும் பங்கு உண்டு. முதலில் போவது என் வேலையாகத்தான் இருக்கும். ஆனாலும் இருக்கைக்கு வந்து முதல் சர்க்யூட்டை வரிசையிலிருந்து வெளியே இழுத்தேன். மென்பொருள் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் ஒட்டியது. அதன் காதைத் திருகி, ஒட்டும் வசதியை நிறுத்திவிட்டு மறுபடி இழுத்தேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டதுபோல உடம்பெல்லாம் கூசியது. இரண்டாவதை இழுத்தேன். திரை முழுக்கச் சிவப்பில் பிழைகள் கொட்டின. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். வியாழக்கிழமை வந்தபோது ஒரு மூலைதான் ஒழுங்காகக் கலைந்திருந்தது. மீதிக்கு நாள் வேண்டும், நாளோ அவர் கையில். பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அவரைக் கிடங்குக்குப் போகும் நடைபாதைக்கு அழைத்துப் போனேன். நீளமான பாதை, ஜன்னல் கிடையாது. ஒரு கோடியில் பேருந்தின் முன்விளக்கு ஒன்றை எரியவிட்டிருந்தேன். மறுகோடியில் அவரை நிற்கவைத்து, முகத்துக்கு நேரே அந்தக் கண்ணாடித் துண்டைத் தாங்கியில் மாட்டினேன்.

"அந்த லைட் பக்கத்திலிருந்து நான் ஒரு சைக்கிள் லைட்டோட நடந்து வரேன் சார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்குங்க."

"இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு ஏற்பாடு?" என்று சிரித்தார்.

கூரை விளக்குகளை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். எந்தக் கோட்டில் நடந்தால் போலி விளக்குகளின் வரிசைக்குள்ளேயே இருப்பேன் என்று எனக்குத் தெரியும். வரைந்தவள் நான்தானே. சைக்கிள் விளக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல், அவரை நோக்கி நேராக நடந்தேன். முன்விளக்கின் வெளிச்சம் முழுக்க அவர் முகத்தில் இருந்தது. கண்கள் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தாவிக்கொண்டிருந்தன. பாதி தூரத்தில் அவர் உதட்டிலிருந்த சிரிப்பு போயிருந்தது.

"கிளம்பிட்டியாம்மா?" என்று உரக்கக் கேட்டார்.

குரல் கொடுத்தால் நான் இருக்கும் இடம் தெரிந்துவிடும். அந்த முகம் இருக்கும் இடத்தில்தான் அக்காவின் முகம் இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். நிற்கவில்லை. அவர் சட்டைப்பையில் செருகியிருந்த பேனா தெரிந்தது. பிறகு அதன் மூடி தெரிந்தது.

"எங்கம்மா இருக்க?"

கை இன்னும் கீழேயே இருந்தது. நான் நடந்துகொண்டே இருந்தேன்.